நான்கு வாரம், ஏழு நகரம்: வாஷிங்டனில் இறங்கி லாஸ் ஏஞ்சலஸில் விமானம் ஏறலாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள், உங்கள் மனைவி, 64 வயது அம்மா என மூன்று பேர் சென்னையிலிருந்து கிளம்புகிறீர்கள். செப்டம்பரில் நான்கு வாரம் கையில் இருக்கிறது. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன், மாண்ட்ரியல், டொரண்டோ, சிகாகோ, சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகஸ், லாஸ் ஏஞ்சலஸ் என்று பத்து நகரங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ரயில் பாஸ் வாங்கினால் போதுமா, காரை வாடகைக்கு எடுப்பதா என்பது கேள்வி. ரயிலா காரா என்பதற்கு முன்னால் முடிவாக வேண்டியது, 28 நாளில் எத்தனை முறை ஊர் மாறலாம் என்பதுதான். அது தெரிந்துவிட்டால் வண்டிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறும் நாளில் வேறெதுவும் நடக்காது. விமானம் ஒன்றரை மணி நேரம்தான் பறக்கும். ஆனால் 11 மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டியோடு விமான நிலையம் போய், இரண்டு மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்று, இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, புது ஊரில் அறைக்குள் நுழையும்போது மாலை ஐந்தாகிவிடும். பத்து ஊர் என்றால் இப்படி ஒன்பது நாள் போய்விடும். போக வர ஆகும் விமான நாள்களையும் முதல் இரண்டு நாள் தூக்கக் கலக்கத்தையும் கழித்தால், ஊருக்கு ஒன்றரை நாள்கூட மிஞ்சாது. தூரமும் நம் கணக்குக்கு அடங்குவதில்லை. இந்தியாவின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கி.மீ.; நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஏறக்குறைய 3,900 கி.மீ.

அதனால் ஏழு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து மேற்கே, வந்த வழியே திரும்பாமல் போக வேண்டும்: வாஷிங்டன் 3 இரவு, நியூயார்க் 6, மாண்ட்ரியல் 3, டொரண்டோ 4, சிகாகோ 4, சான் பிரான்சிஸ்கோ 4, லாஸ் ஏஞ்சலஸ் 4. மொத்தம் 28 இரவு. பாஸ்டன் அருமையான ஊர், ஆனால் நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியல் போகும் வழியில் இல்லை. சியாட்டிலுக்கும் லாஸ் வேகஸுக்கும் தனித்தனியாக ஒரு விமானம் கூடும். அம்மாவும் வருவதால் இந்த மூன்றையும் தயங்காமல் விடச் சொல்வேன். மேற்கே போவதில் இன்னொரு வசதி, ஒவ்வொரு நேர மண்டலம் தாண்டும்போதும் நாளில் ஒரு மணி நேரம் கூடும். எதிர்த் திசையில் வந்தால் அதே நேரம் காலையில் தூக்கத்திலிருந்து பறிபோகும்.

தேதியிலும் இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அதோடு கோடை விடுமுறைக் கூட்டம் கலையும். அதற்கடுத்த புதன் அல்லது வியாழன் வாஷிங்டனில் இறங்குங்கள். செப்டம்பர் 12 வாக்கில் நியூயார்க் போய் 18 வாக்கில் கிளம்பிவிட வேண்டும். செப்டம்பர் மூன்றாம், நான்காம் வாரத்தில் ஐ.நா. பொதுச்சபைக்காக உலகத் தலைவர்கள் அங்கே வந்து இறங்குவார்கள். மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அறை வாடகை தாறுமாறாக ஏறும். டொரண்டோவில் தொழிலாளர் தினத்தை ஒட்டித் திரைப்பட விழா தொடங்கி நடக்கும். நீங்கள் 21 வாக்கில் போகும்போது முடிந்திருக்கும். சிகாகோ மாரத்தான் அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. அதற்கு முன்பே அந்த ஊரைத் தாண்டியிருப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை, ஆகஸ்டில் மூடுபனியும் குளிர்காற்றுமாக இருக்கும். அங்கே வெயில் தெரிவது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான்.

இனி ரயில் பாஸ். அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் பாஸ் 30 நாளில் 10 கட்டங்களுக்கானது, பட்டியல் விலை 499 டாலர். கட்டம் என்றால் நாள் இல்லை. ஒவ்வொரு முறை வண்டி ஏறுவதும் ஒரு கட்டம். வழியில் வண்டி மாறினால் இரண்டு கட்டம் போய்விடும். சாதாரண இருக்கைதான் கிடைக்கும், வேக வண்டியான ஆசேலாவுக்குச் செல்லாது, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக இடம் பதிவு செய்யவும் வேண்டும். இந்த வழித்தடத்தில் உங்களுக்குப் பயன்படும் ஆம்டிராக் பயணம் இரண்டே இரண்டு. தனித்தனியாக டிக்கெட் எடுப்பதே மலிவு, பாஸ் வேண்டாம்.

வாஷிங்டன் - நியூயார்க் ரயிலில்தான் போக வேண்டும். நார்த் ஈஸ்ட் ரீஜனல் வண்டி மூன்றரை மணி நேரத்தில் ஊரின் நடுவே கொண்டுபோய் விடும். ஆசேலா அரை மணி நேரம் மிச்சப்படுத்தும், ஆனால் கட்டணம் பெரும்பாலும் பல மடங்கு. விமானம் போலவே இங்கும் நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். ஆளுக்கு 23 கிலோ வரை இரண்டு பெட்டிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவற்றை நீங்களே தூக்கி வைக்க வேண்டும். போர்ட்டரை எதிர்பார்த்து மூன்றாவது பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள்.

நியூயார்க் - மாண்ட்ரியல் அடிரோண்டாக் வண்டி காலையில் கிளம்பி, 11 மணி நேரம் போல ஓடி, இரவில் சேரும். எல்லையில் அதிகாரிகள் வண்டிக்குள் ஏறிக் கடவுச்சீட்டு பார்ப்பார்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டியே பாதை போவதால், வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆல்பனி வரை ஆறு கூடவே வரும். இந்த வண்டி ஒழுங்காக ஓடும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது. சில கோடைகளில் வெப்பத்தால் தண்டவாள வேகக் கட்டுப்பாடு வந்து எல்லைக்கு அப்பால் ஓடாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பதிவு செய்யும் முன் அந்தத் தேதியில் மாண்ட்ரியல் வரை போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விமானம்தான்; ஒன்றரை மணி நேரம். மாண்ட்ரியல் - டொரண்டோ 540 கி.மீ. போல, கனடாவின் வியா ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதற்கு விமானம் தேவையில்லை.

டொரண்டோவிலிருந்து சிகாகோ, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ, பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மூன்றும் விமானம். சிகாகோவிலிருந்து கலிபோர்னியா செஃபிர் ரயிலைப் பலர் பரிந்துரைப்பார்கள். ராக்கி மலைகளையும் சியரா நெவாடாவையும் கடந்து 3,900 கி.மீ. ஓடும் அந்தப் பாதையின் அழகில் மறுபேச்சே இல்லை. ஆனால் அட்டவணைப்படியே 52 மணி நேரம், இரண்டு இரவு. தண்டவாளம் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது என்பதால் பல மணி நேரத் தாமதம் அங்கே சாதாரணம். படுக்கை அறை இருவருக்கானது. மூன்றாவது ஆளுக்கு இன்னொன்று எடுக்க வேண்டும், செலவு விமானத்தைப் போலப் பல மடங்கு. அம்மாவை இரண்டு இரவு இருக்கையில் உட்கார வைப்பது சரியில்லை.

டொரண்டோ விமானத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை டொரண்டோ பியர்சன் விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். சிகாகோவில் உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக வெளியே வரலாம். அதனால் இங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். ‘ஒன்றரை மணி நேர விமானம்தானே’ என்று தாமதமாகப் போகிறவர்கள் அந்த வரிசையில் நின்றே விமானத்தைத் தவற விடுகிறார்கள்.

பதிவு செய்யும் ஒழுங்கில்தான் பணம் வீணாவதும் மிச்சமாவதும். முதலில் விசா. அமெரிக்காவுக்கு டிஎஸ்-160 படிவம், ஆளுக்கு 185 டாலர் அடிப்படைக் கட்டணம், நேர்காணல். கனடாவுக்குத் தனி விசா; 100 கனடிய டாலரோடு கைரேகைப் பதிவுக்கு 85. அமெரிக்க விசா கையில் இருப்பதால் கனடாவுக்குள் விட்டுவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அது நடக்காது. கனடா விண்ணப்பம் இணையத்தில் போவதால் தொடக்கத்தில் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை. அனுமதி வந்தபின் விசாவை ஒட்டுவதற்குத்தான் கேட்பார்கள். அதனால் அமெரிக்க நேர்காணல் தேதியை முதலில் பிடித்துவிட்டு, அந்த இடைவெளியில் கனடாவுக்கு விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் காலமும் கூடுதல் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், கட்டும் அன்று தூதரகப் பக்கத்தில் இருப்பதே கணக்கு. இரண்டு விசாவும் கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள். கனடா விசா வராமல் போனால் பயணம் கெடாது: நியூயார்க்கிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்தில் பாஸ்டன், அங்கே நான்கு இரவு, பிறகு விமானத்தில் சிகாகோ, மிஞ்சும் மூன்று இரவை நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சர்வதேச விமானம். போகவர ஒரே ஊருக்கு எடுக்காமல், தேடும் பக்கத்தில் ‘மல்டி சிட்டி’ என்பதைத் தொட்டு, சென்னை - வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ் - சென்னை என்று ஒரே டிக்கெட்டாகப் பாருங்கள். துபாய், தோஹா, லண்டன் வழியாக இரண்டு ஊருக்குமே விமானம் உண்டு. ஒரே ஊருக்கு எடுத்தால், கடைசியில் நாட்டைக் குறுக்கே கடந்து திரும்ப ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் போய்விடும்.

பிறகு அறைகள். நியூயார்க்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து அங்கே வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட, பதிவு செய்த வீட்டுக்காரர் உடன் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. மூன்று பேருக்கு முழு வீடு என்று யாராவது மலிவாகக் காட்டினால் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் ரத்தாகும். செப்டம்பரில் மன்ஹாட்டனில் 300 டாலருக்குக் கீழே ஓரளவு நல்ல அறை கிடைப்பது அரிது. ஆற்றுக்கு அக்கரையில், குவீன்ஸில் உள்ள லாங் ஐலண்ட் சிட்டியில் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிப் பாருங்கள். மன்ஹாட்டன் சில நிறுத்தங்களில் வந்துவிடும், வாடகையும் குறைவு. அறை தேடும்போது ‘இரண்டு குவீன் படுக்கை’ என்று பாருங்கள். ‘டபுள்’ என்பது பெரும்பாலும் ஒரே கட்டில். நியூயார்க்கில் அறை வரி மட்டும் 14.75 சதவீதம், அதற்கு மேல் இரவுக்குச் சில டாலர். இதைச் சேர்த்துத்தான் ஊர்களை ஒப்பிட வேண்டும்.

வாஷிங்டனில் தொடங்கச் சொல்வது அம்மாவை மனதில் வைத்துத்தான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் தூக்கம் வந்தால் பாதியில் எழுந்து வந்துவிடலாம், பணம் போச்சே என்ற கவலை இருக்காது. வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு இலவச நேரச் சீட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வாஷிங்டனின் டலஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் சில்வர் தடம் 2022 நவம்பரிலிருந்து நேராக ஊருக்குள் வருகிறது. அங்கே எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

நியூயார்க்கில் அப்படி இல்லை. 472 நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் லிஃப்ட் இருக்கிறது. அறை பார்க்கும்போதே, பக்கத்து நிலையத்துக்குச் சக்கர நாற்காலி அடையாளம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு விடுதியில் கிடைக்கும் காலை உணவைவிட இது முக்கியம். கட்டணம் ஒரு பயணத்துக்கு 3 டாலர். பழைய மெட்ரோகார்டு விற்பனை 2025 இறுதியோடு நின்றுவிட்டது. வங்கி அட்டையையோ கைபேசியையோ வாயில் திரையில் தொட்டால் போதும். ஏழு நாளில் 35 டாலர் கட்டியதும் மிச்சப் பயணங்கள் இலவசம். இதில் சறுக்குவது இப்படித்தான்: ஒரே அட்டையை மூன்று முறை தொட்டு மூன்று பேரும் உள்ளே போகலாம், ஆனால் அந்த வரம்புக் கணக்கில் ஒருவரின் பயணம்தான் சேரும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். அதே அட்டையைக் கைபேசியில் ஏற்றித் தொட்டால் அது வேறு அட்டையாகக் கணக்காகும். காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றாதீர்கள். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைத்தே வந்திருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவுக்குப் போகும் படகுக்கு அனுமதி ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான்; பேட்டரி பூங்கா ஓரம் நடைபாதையில் அட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்பவர்களிடம் வாங்கினால் தீவில் இறங்க முடியாத படகில்தான் ஏறுவீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றால் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் புதன்கிழமை மூடியிருக்கும். அம்மா நான்காவது நாள் இட்லி தோசை கேட்டால், 7 ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங் போய், பௌன் தெருப் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளக் கேண்டீனில் சாப்பிடலாம். டொரண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் போனால் ஈழத் தமிழர் கடைகளில் இடியாப்பமும் கொத்து ரொட்டியும் கிடைக்கும்.

டொரண்டோவில் நான்கு இரவு கொடுத்ததில் ஒரு நாள் நயாகராவுக்கு. யூனியன் நிலையத்திலிருந்து கோ டிரான்சிட் ரயிலோ, ரயிலும் பேருந்தும் சேர்ந்தோ இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கனடாப் பக்கத்திலிருந்துதான் அருவி முழுதாகத் தெரியும்; அமெரிக்கக் கரைக்குப் பாலம் கடக்க வேண்டியதில்லை.

கார் லாஸ் ஏஞ்சலஸில் மட்டும். மற்ற ஆறு ஊரிலும் அது சுமைதான்: நிறுத்தவே பல இடங்களில் நாளுக்கு 50 டாலருக்கு மேல் கேட்பார்கள், சான் பிரான்சிஸ்கோவில் கண்ணாடியை உடைத்துப் பை எடுப்பது சகஜம். கலிபோர்னியாவில் சுற்றுலாப் பயணி சொந்த நாட்டு உரிமத்தோடு ஓட்டலாம். ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை நிறுவனங்கள் கேட்கக்கூடும். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கடலோரச் சாலையில் ஓட்டிவரும் ஆசை இருந்தால் ஓர் இரவு வழியில் தங்க வேண்டும். பிக் சர் பகுதி நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படும், அந்த வாரத்து நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெட்டியில் மின்சார ரைஸ் குக்கர் வைக்க வேண்டாம். அங்கே 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் ஏறக்குறைய கால் பங்கு சூடுதான் கொடுக்கும், அரிசி ஊறிக் கிடக்கும், வேகாது. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்குத் தட்டை முள் அடாப்டர் போதும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பது காரணம். பொடி, ஊறுகாய் எதுவானாலும் அதிகாரியிடம் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதம். அம்மாவின் மாத்திரைகள் மொத்த நாளுக்கும் ஒரு வாரம் கூடுதலாக, அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதி, முன்பே இருக்கும் நோய்க்கும் சேர்த்து எடுங்கள். அங்கே மருத்துவமனையில் ஒரு இரவே ஆயிரக்கணக்கான டாலர். மலிவான பாலிசி அந்த நோய்களைத்தான் விலக்கி வைத்திருக்கும்.

கடைசியாகப் பதிவு செய்ய வேண்டியது சான் பிரான்சிஸ்கோவின் அல்கட்ராஸ் தீவுப் படகு. மூன்று மாதம் முன்பு விற்பனை திறக்கும், நல்ல நேரங்கள் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். காலை முதல் படகை எடுத்தால் கூட்டம் குறைவு. படகுத் துறையிலிருந்து சிறைக் கட்டடம் வரை செங்குத்தான ஏற்றம். நடக்க முடியாதவர்களுக்கு மின்சார வண்டி உண்டு, இறங்கியதும் அங்கேயே கேட்டு அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள்.